கத்தீன் குழியில் கிடந்த ஜெர்மன் தோட்டா

பழஞ்சுவடி:
கத்தீன் படுகொலையைப் பற்றி எழுதினால், குழிகளில் கிடந்த தோட்டாக்கள் ஜெர்மனியில் செய்யப்பட்டவை என்பதையும் எழுத வேண்டும் என்றேன். அதற்கு இத்தனை சீற்றமா? 1940 வசந்தத்தில் ரஷ்யாவின் கத்தீன் காட்டிலும் வேறு இடங்களிலும் ஏறத்தாழ 22,000 போலந்து நாட்டவரைச் சுட்டுக் கொன்றது சோவியத் ரகசியப் போலீஸ்தான். அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

நேர்வழி:
பிறகு எதற்கு ஐயத்தைக் கிளப்புகிறீர்கள்? 1944இல் சோவியத் விசாரணைக் குழு பழியை ஜெர்மானியர்மீது போட்டது. 1990 வரை மாஸ்கோ அந்தப் பொய்யை விடவில்லை. மாண்டவர்களின் வீட்டார் நடந்ததை வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல் கிடந்தார்கள். இன்றும் மறுப்பவர்கள் தூக்கிப் பிடிப்பது இந்தத் தோட்டாவைத்தான். அதை நீங்களே எடுத்துக் கொடுப்பீர்களா?

பழஞ்சுவடி:
அது ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது, நண்பரே. நான் விட்டுவிட்டால் என் வாசகர் அதை முதன்முதலில் அவர்கள் வாயால் கேட்பார். அதன்பிறகு நான் சொல்வது எதுவும் எடுபடாது. முழுதாகச் சொன்னால்தான் உண்மை நிற்கும். அந்த 7.65 மி.மீ. தோட்டாக்களை ஜெர்மன் நிறுவனம் போருக்கு முன்பே பால்டிக் நாடுகளுக்கும் சோவியத்துக்கும் விற்றிருந்தது. பிணங்களின் சட்டைப் பைகளில் இருந்த கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1940 வசந்தத்தோடு நின்றுவிடுகின்றன. ஜெர்மன் படை அங்கே வந்ததோ 1941 கோடையில்.

தோட்டாவை மறைக்கத் துடித்தவர், இந்தப் படுகொலையைச் சோவியத்துக்கு எதிரான பிரச்சாரமாக்கிய நாஜி அமைச்சர் கோயபல்ஸ். அது பரம ரகசியமாக இருக்க வேண்டும் என்று 1943 மே மாத நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நானும் அதையே செய்ய வேண்டுமா?

நேர்வழி:
இந்த ஒப்பீடு அநியாயம். அவர் மறைத்தது பிரச்சாரத்துக்காக. நான் செத்தவர்களுக்காகப் பேசுகிறேன். உங்கள் விளக்கத்தை எத்தனை பேர் கடைசிவரை படிப்பார்கள்? ஒரு வரியை வெட்டியெடுத்துப் பரப்பிவிடுவார்கள்.

கரையோரம்:
நல்ல காரணத்துக்காக மறைத்தவர்களும் உண்டு. அதே 1943 மே மாதம் பிரிட்டிஷ் தூதர் ஓவன் ஓமல்லி, சான்றுகள் சோவியத்தின் பக்கமே கைகாட்டுகின்றன என்று தம் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். ஸ்டாலின் அப்போது போர்க் கூட்டாளி. அறிக்கையைப் பூட்டிவைத்தார்கள். நாஜிகளை வீழ்த்துவதைவிட நல்ல காரணம் அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

நேர்வழி:
ஓமல்லி விஷயம் உறுத்துகிறது. சரி, எழுதுங்கள். ஆனால் தோட்டாவை ஒரு பக்கத்திலும் விளக்கத்தை மறுபக்கத்திலும் வைக்காதீர்கள்.

பழஞ்சுவடி:
'குழிகளில் கிடந்தவை, போருக்கு முன்பே சோவியத்துக்கும் ஏற்றுமதியான ஜெர்மன் தோட்டாக்கள்.' இது போதுமா?

நேர்வழி:
போதும். ஆனாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.