மண்வள அட்டையில் சாம்பல்சத்து "அதிகம்": பொட்டாஷை நிறுத்திடலாமா?

செவக்காட்டு வாசி:
ரெண்டு வயல். ஒண்ணு செம்மணல், போர்த்தண்ணி, குறுகிய கால நெல் (டெல்டா இல்லை). இன்னொண்ணு கரிசல், வீரிய மக்காச்சோளம். நெல் வயலுக்கு 3 வருஷம் முந்தின அட்டையில சாம்பல்சத்து எக்டருக்கு 104 கிலோ. இப்ப வந்ததுல 338! நடுவுல பொட்டாஷ் கூடுதலா எதுவும் போடலை, வைக்கோலும் கட்டு கட்டி வெளியே போயிடுது. கரிசலுக்கு 410. ரெண்டுமே "அதிகம்". இந்தப் பட்டம் பொட்டாஷே வேண்டாம்னு விட்டுடலாமா?

உழவன்77:
கரிசல் 410 நம்பற மாதிரி இருக்கு. 338 இல்லை. நெல் எடுக்கிற சாம்பல்சத்துல முக்கால்வாசிக்கு மேல வைக்கோல்லதான் நிக்கும். ஒரு டன் வைக்கோல் வயலை விட்டுப் போனா சுமாரா 15–20 கிலோ கே2ஓ (உர மூட்டையில சாம்பல்சத்தைச் சொல்ற அளவு) கூடவே போகுது. அப்படி வருஷா வருஷம் அனுப்புற மணல் நிலத்துல அளவு குறையணும், மூணு மடங்கு ஏற வழியில்லை.

மண்ணை எதுல காய வச்சீங்க, எந்தப் பையில கொடுத்தீங்க?

செவக்காட்டு வாசி:
கரிசல் மண்ணைத் துணிப்பையில. நெல் வயல் மண்ணை மட்டும் காலி பொட்டாஷ் சாக்கைக் கிழிச்சு விரிச்சு அதுமேல காய வச்சேன். நல்லா உதறிட்டுத்தான் அண்ணே விரிச்சேன்.

உழவன்77:
அங்கதான் மாட்டுச்சு. கணக்கைப் பாருங்க. பொட்டாஷ்ல பாதி எடை சுத்தமான பொட்டாசியம், அதாவது சாம்பல்சத்து. சாக்கு மடிப்புல ஒட்டியிருந்த 0.1 கிராம், அதாவது ரெண்டு மூணு குருணை, அரைக்கிலோ மண்ணுல கலந்தா 50 மில்லிகிராம். கிலோவுக்கு 100 மில்லிகிராம், அதாவது 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு). 15 செ.மீ. ஆழ மண்ணுக்கு 2.24 ஆல் பெருக்கினா எக்டருக்கு 224 கிலோ. உங்க 104-ஓட கூட்டிப் பாருங்க, 328! அந்த ரெண்டு மூணு குருணையே "குறைவு" வயலை "அதிகம்" ஆக்கிடும்.

அறுவடை முடிஞ்சதும், அடுத்த உரம் போடறதுக்கு முன்னாடி மறுபடி எடுங்க. வயல் முழுக்க கோணல்மாணலா நடந்து 10–15 இடம். மேல கிடக்கிற சருகை ஒதுக்கிட்டு ‘வி’ மாதிரி 15 செ.மீ. குழி (பருத்தி, கரும்புன்னா 22.5), அதோட ஒரு பக்கச் சரிவுல மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்துல சீவி எடுக்கணும். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல், வாய்க்கால் வேண்டாம். வைக்கோல் போர் கிடந்த இடமும் வேண்டாம். மழையில வைக்கோல்லேர்ந்து சாம்பல்சத்து கரைஞ்சு அந்தத் திட்டுல இறங்கியிருக்கும், இதைப் பலர் கவனிக்கறதில்லை. எல்லாத்தையும் கலந்து, நாலாப் பிரிச்சு எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோவுக்குக் கொண்டுவந்து, நிழல்ல உலர்த்தி, புதுத் துணிப்பையில கட்டுங்க.

அதுவரை பழைய 104-ஐ வச்சே போடுங்க. நம்ம ஊர்ல 118-க்குக் கீழ குறைவு, 280-க்கு மேல அதிகம். குறைவுன்னா பொதுப் பரிந்துரையோட 25 சதம் கூட்டணும். உங்க நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்கு 120:40:40 (தழை:மணி:சாம்பல் சத்து, கிலோவில). அதுல கடைசி 40 கிலோ 50 ஆகும். ஏக்கருக்கு 20 கிலோ கே2ஓ, 60 சத பொட்டாஷா 33 கிலோ. மணல் நிலத்துல ஒரே தடவையா கொட்டினா தண்ணியோட இறங்கிடும். அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போதுன்னு நாலா பிரிச்சுப் போடுங்க, தடவைக்கு 8 கிலோ சொச்சம்.

கரிசல் காட்டான்:
மக்காச்சோளத்துக்கு என் கருத்து: "அதிகம்"னா பூஜ்யம்னு அர்த்தமில்லை. பொதுப் பரிந்துரை 250:75:75. 25 சதம் குறைச்சா 56 கிலோ, ஏக்கருக்கு 22–23 கிலோ கே2ஓ, பொட்டாஷா 37–38 கிலோ. வேடிக்கை என்னன்னா, "அதிகம்" இருக்கிற வயலுக்கு "குறைவு" இருக்கிற நெல் வயலைவிட நாலு கிலோ அதிகமாவே வருது! பயிரோட பசி வேற.

ஆனா தட்டையை அப்படியே மடக்கி உழறீங்கன்னா, 410 இருக்கிற கரிசல்ல ஒரு பட்டம் விட்டாலும் பெரிசா இழப்பு வராதுன்னு நினைக்கிறேன். தட்டையை மாட்டுக்கு அறுத்துட்டா விடாதீங்க. சந்தேகம்னா ஆறு வரிசைக்கு மட்டும் முழு அளவு போட்டு, நடு ரெண்டு வரிசைக் கதிரை பொட்டாஷ் போடாத பக்கத்து ரெண்டு வரிசையோட எடை போட்டுப் பாருங்க. காம்ப்ளெக்ஸ் (கலப்பு உரம்) போட்டா அதுல வர்ற சாம்பல்சத்தையும் கழிக்கணும்: 10:26:26 ஒரு மூட்டையில 13 கிலோ கே2ஓ வந்துடுது, டிஏபியிலயும் 20:20:0:13-லயும் சுத்தமா கிடையாது.

இன்னொண்ணு, அட்டையில இருக்கிறது ‘கே’ (பொட்டாசியம்), மூட்டை மேல இருக்கிறது ‘கே2ஓ’. கே-யை 1.2 ஆல் பெருக்கினாத்தான் ரெண்டும் ஒரே அளவுகோல்ல வரும். சில தனியார் ஆய்வகம் பிபிஎம்ல கொடுக்கும். 125 பிபிஎம்னாலே 280 கிலோ. அதைப் பார்த்து "125 தானே, நடுத்தரம்"னு மூட்டை மூட்டையா வாங்கிடாதீங்க.

செவக்காட்டு வாசி:
தட்டையை மாட்டுக்குத்தான் அறுக்கிறோம், அப்ப 37 கிலோ. விதையோடவே போட்டுடலாமா?

கரிசல் காட்டான்:
விதைமேல படக்கூடாது, உப்பு முளைப்பைக் கெடுக்கும். பார் பக்கவாட்டுல நாலு விரல் தள்ளிப் போட்டு மண்ணை மூடுங்க.