மாயாறு பள்ளத்தாக்குப் பாறு கழுகுகளுக்காக ஓர் உதவி

வணக்கம். மசினகுடி, தெங்குமரஹாடா, சத்தியமங்கலம் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். செத்த விலங்குகளைத் தின்னும் வெண்முதுகுப் பாறு கழுகுகள் மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரே முட்டை. அதனால் பெரிய பறவை ஒன்று செத்தாலே இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

மாட்டுக்குப் போடும் சில வலி ஊசிகள், அந்த மாடு செத்தபின் அதைத் தின்னும் பாறு கழுகுகளைக் கொல்கின்றன. உங்கள் ஊர் மருந்துக் கடைகளில் மாட்டுக்கு என்ன வலி ஊசி தருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? மருந்தின் பெயர், குப்பியின் அளவு, காலாவதித் தேதி தெரியும்படி லேபிளைப் படம் எடுத்தால் போதும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைக் கால்நடைகளுக்குப் போட 2006லேயே தடை வந்துவிட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் 2023ல் தடையாயின. மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் ஊசியையே மாட்டுக்குப் போடுவதுதான் பெரிய சிக்கல். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அதைத் தின்றால் பறவையின் சிறுநீரகம் செயலிழக்கும். ஈரல் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படியும். மெலாக்சிகாம் பாதுகாப்பானது, அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

செத்த பாறு கழுகைக் கண்டால் தொடாதீர்கள், புதைக்காதீர்கள். இடத்தைக் குறித்து உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழுகிவிட்டால் ஈரல், சிறுநீரக மாதிரி எடுத்துப் பயனில்லை. பக்கத்தில் மாட்டுச் சடலம் கிடந்தால் அதையும் சொல்லுங்கள், புலியைக் கொல்ல அதில் வைத்த விஷத்தால் பறவை செத்ததாகவும் இருக்கலாம். கூட்டருகே டிரோன் மட்டும் வேண்டவே வேண்டாம்.