நார்கண்டாவில் பெடல் சும்மா சுத்தின கதை – உங்களுக்கும் நடந்திருக்கா?

டெல்லில இருக்கறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். டிசம்பர் வந்தா தேங்காய் எண்ணெய் பாட்டிலோட கட்டியாயிடும். தலைக்கு வைக்கணும்னா பால்கனி வெயில்ல அரை மணி நேரம் நிறுத்தணும். அதே சங்கதி சைக்கிள் சக்கரத்துக்குள்ளயும் நடக்கும்னு போன ஜனவரி வரைக்கும் எனக்கு உறைக்கல.

சஞ்சய் வனத்துல ஓட்டி ஓட்டிச் சலிச்சுப்போய், எம்டிபியை (மலைப் பாதை சைக்கிள்) தூக்கிட்டு ஹிமாச்சல்ல இருக்கற நார்கண்டா போனேன். ஊரு 2,700 மீட்டர் உயரம், அங்கேர்ந்து ஹாட்டு சிகரத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர் பனிப் பாதை. கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு புண்ணிய காரியம் பண்ணினேன். கார் கழுவற இடத்துல பிரஷர் தண்ணி அடிச்சு வண்டியைப் பளபளன்னு ஆக்கினேன். அப்புறம் பின் சக்கர நடுவுல, செயின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொடுக்கற ஃப்ரீஹப்பைப் பிரிச்சு, வீட்ல இருந்த கெட்டி கிரீஸை நானே அப்பினேன்.

ராத்திரி வண்டி வெளியவே நின்னுது. காலைல ஏறி மிதிச்சா பெடல் ரெண்டு பக்கமும் சும்மா சுத்துது. செயின் ஓடுது, சக்கரம் அசையல. ஃப்ரீஹப்புக்குள்ள ஸ்பிரிங் தள்ளி நிறுத்தற குட்டி நாக்குங்க இருக்கே, அதுதான் பல்லுல மாட்டி சக்கரத்தை இழுக்கணும். கிரீஸ் இறுகி, உள்ள போன தண்ணியும் உறைஞ்சு, நாக்கெல்லாம் மடங்கினபடியே கிடந்திருக்கு.

தங்கின வீட்டுக்காரர் பார்த்துட்டு, "கரம் பானி டாலோ" (வெந்நீர் ஊத்து) ன்னு ஒரு கெட்டில் கொண்டு வந்தார். ஊத்தினதும் டிக் டிக்குன்னு சத்தம் திரும்புச்சு. எனக்கு வாயெல்லாம் பல்லு. அரைக் கிலோமீட்டர் போய் போட்டோ எடுக்க நின்னேன், அவ்வளவுதான், மறுபடி அதே கதை. ஊத்தின வெந்நீரும் சேர்ந்து உறைஞ்சா வேற என்ன ஆகும்? மிச்ச தூரம் தள்ளிட்டே நடந்தேன்.

டெல்லி திரும்பினதும் ஜண்டேவாலான்ல ஒரு மெக்கானிக் பிரிச்சுக் காட்டினார். மஞ்சளா, மணல்மணலா, தண்ணியும் கிரீஸும் கலந்து உறைஞ்ச நெய் மாதிரி. எல்லாத்தையும் துடைச்சுட்டு, நாக்குல மெல்லிசா ரெண்டு சொட்டு எண்ணெய் மட்டும் விட்டார். "பேரிங்குக்குத்தான் கிரீஸ், இதுக்கு இல்ல" ன்னு ஒரு பார்வை வேற.

(இனி கீழ வந்த கமெண்ட்டுங்க, எழுதினவங்க டெல்லி ஏரியா பேர்ல:)

மயூர் விஹார்: எனக்கு ஃப்ரீஹப் தப்பிச்சுது, கியர் கேபிள் மாட்டுச்சு. மணாலில மத்தியானம் பனி கரைஞ்சு கேபிள் உறைக்குள்ள இறங்கி, சாயங்காலம் உறைஞ்சு, கடைசி வரைக்கும் ஒரே கியர்தான். அதுவும் ஏத்தத்துல மிதிக்கக் கஷ்டமான சின்னப் பல்சக்கரம், முழங்கால் போச்சு! இப்பல்லாம் போறதுக்கு முன்னாடி கேபிளை உருவி, காய வச்சு, எண்ணெய் தடவித்தான் மாட்டறேன். முன் சக்கரத்தைப் பிடிச்சு அதிர்ச்சியைத் தாங்கற ஃபோர்க்குக்குள்ள இருக்கற காத்தையும் பாருங்க. 20 டிகிரி அறையில 90 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிச்சா மைனஸ் 10ல 79 பக்கம் வந்துடும். உயரத்துல வெளிக்காத்து லேசானதால மூணு நாலு திரும்பக் கிடைக்கும், ஆனா தொய்வு தெரியும். டெல்லில கணக்கா அடிச்சுட்டு நம்பிப் போகாதீங்க, ஃபோர்க்குக்குக் காத்தடிக்கற ஷாக் பம்ப் கூடவே இருக்கட்டும்.

முனிர்கா: வண்டியை ரூமுக்குள்ள வச்சிருந்தா பிரச்சனையே வந்திருக்காதே?

மயூர் விஹார்: பனியோட உள்ள கொண்டு போனா ஹீட்டர் சூட்டுல கரைஞ்சு இண்டு இடுக்கெல்லாம் இறங்கும், காலைல வெளிய வந்ததும் உறையும். முதல்ல தட்டி, துணியால துடைச்சுட்டு உள்ள வைங்க. ஈரத்தோட வைக்கறதுக்கு வெளியவே நிக்கலாம்.

ஆர்.கே.புரம்: பிரேக்கை யாரும் சொல்லலையே. ஆயில் குளிர்ல கெட்டியானா லீவர் மெதுவாத் திரும்பும், முதல் இறக்கத்துக்கு முன்னாடி பத்துத் தடவை அமுக்கிப் பார்த்துக்கோங்க. மினரல் ஆயில் பிரேக்ல டாட் ஃப்ளூயிட் (கார் பிரேக்குக்கு ஊத்தற திரவம்) விட்டுடாதீங்க, சீல் ஊதிப் போயிடும். என் மச்சான் பண்ணின வேலை இது, ரெண்டு பிரேக்கும் மாத்தினோம். லைட் பேட்டரியை ஜாக்கெட் உள்பாக்கெட்ல வச்சுக்கோங்க, குளிர்ல பாதி சார்ஜ்லயே கண்ணை மூடிடும்.

முனிர்கா: நான் 26ந்தேதி லீவுல கிளம்பறேன். நேத்துதான் பிரஷர் வாஷ் பண்ணினேன். அந்த ஜண்டேவாலான் கடை எதுன்னு இன்பாக்ஸ்ல சொல்லுங்க சார், சீக்கிரம்.