கார் ஓடும்போது வரும் ‘கீ…’ சத்தம்: மின்சாரக் கார், ஹைபிரிட் வச்சிருக்கிறவங்க கவனத்துக்கு

குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஒருத்தராகச் சொல்லும் குறிப்புகள் இவை; சொல்பவரின் ஊர்ப்பெயர் மேலே இருக்கும்.

தக்கலை:
நாகர்கோவில், மார்த்தாண்டம் ரோட்டில் ஓடும் மின்சாரக் கார்களில் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் ஒரு மெல்லிய விசில் கேட்கும். பாதிக்கு மேல் அது கோளாறே இல்லை. டீசல் வண்டியிலும் கியர் பல் கத்தத்தான் செய்யும், எஞ்சின் இரைச்சல் அதை அமுக்கிவிடும். இங்கே அமுக்க ஒன்றும் இல்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 16 இஞ்ச் வீல் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் வீல் நிமிஷத்துக்கு 500 சுற்று. கியர் விகிதம் 9.5 என்றால் (வீல் ஒரு சுற்றுக்கு மோட்டார் 9.5 சுற்று) மோட்டார் 4,750 சுற்று, அதாவது நொடிக்கு 79. மோட்டார் பக்கத்துப் பினியனில் (சின்னப் பல்சக்கரம்) 25 பல் இருந்தால் வரும் சத்தம் 2,000 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 2,000 அதிர்வை ஒட்டி இருக்கும். மனுசக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000-லிருந்து 5,000 வரை. அதனால்தான் சின்னச் சத்தமும் காதைக் குடையுது.

ஃபோனில் ஒலி அலைவரிசை காட்டும் செயலியைப் போட்டு, பின்சீட்டில் இருப்பவர் கையில் கொடுங்க. 30-ல் 1,000, 60-ல் 2,000 என்று வேகத்தோடு இரட்டிச்சால் அது மோட்டார், கியர், பேரிங் வகை. வேகம் மாறியும் சுருதி மாறாமல் நின்றால் இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), பம்ப், ஃபேன், ஏசி கம்ப்ரசர் பக்கம் பாருங்க. ஏசியை அணைச்சதும் நின்றால் கம்ப்ரசர் மேல்தான் முதல் சந்தேகம். இன்வெர்ட்டர் ஸ்விட்சிங் சத்தம் பெரும்பாலும் 5-லிருந்து 20 கிலோஹெர்ட்ஸுக்குள் வரும். அதில் உயர்ந்த சுருதி பிள்ளைகளுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. இரண்டு பேரும் சொல்வது சரிதான்.

குளச்சல்:
அண்ணே, கடலோரத்தில் முதல் சந்தேகம் பிரேக் மேல்தான் வரணும். மின்சாரக் காரும் ஹைபிரிடும் வேகத்தைக் குறைக்கும்போது பெரும்பகுதியை ரீஜென் (மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது) செய்துவிடும், பேட் டிஸ்க்கை அதிகம் தொடுவதே இல்லை. முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் ராத்திரி நிறுத்தினால் உப்புக் காற்றில் காலையில் டிஸ்க் செம்மண் நிறத்தில் இருக்கும். சாதாரணக் காரில் நாலு பிரேக்கில் அது தேய்ந்து போகும். இதில் போகாது. துரு ஓரத்தில் திட்டாகத் தங்கி, பேட் உரசும்போது ‘க்ரீ’ என்று கத்தும்.

செய்ய வேண்டியது: ஆளில்லாத நேரான ரோடு, பின்னால் வண்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்க. 60-ல் போகும்போது நியூட்ரலில் போட்டு நிதானமாக அழுத்தி 20-க்கு இறக்கணும். நியூட்ரலில் ரீஜென் வேலை செய்யாது, முழு வேலையும் பேட் செய்யும். அரை நிமிஷ இடைவெளியில் எட்டு, பத்து தடவை. சூடான டிஸ்க்கோடு முழுசா நிறுத்தி மிதிச்சுப் பிடிக்கக் கூடாது. வண்டியின் பவரை அணைக்கவே கூடாது.

அதிலும் போகலைன்னா காலிப்பரின் (பேட்டை டிஸ்க் மேல் அழுத்தும் பிடி) கைடு பின்னைக் கழற்றிப் பாருங்க. துருவில் இறுகிப்போய் ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருக்கும். சுத்தம் செய்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் போதும். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் பூட் உப்பிப் போகும். டிஸ்கில் எந்த எண்ணெயும் அடிக்காதீங்க, சத்தம் போகும், பிரேக்கும் போகும். பிரேக் கிளீனர் மட்டும்தான்.

பேட் 2, 3 மி.மீ.க்குத் தேய்ந்தால் அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். அதைக் கேட்டுவிட்டுத் தள்ளிப்போடாதீங்க.

வில்லுக்குறி:
நாலுவழிச் சாலை வேலை நடக்கும் இடங்களில் ஜல்லிச் சில்லு ஒன்று டிஸ்க்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் மாட்டும். திடீரென்று தொடங்கும், தகரத்தைச் சுரண்டுவது போலக் கேட்கும், நியூட்ரலில் போட்டாலும் நிக்காது. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவாகப் பின்னால் எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். விழலைன்னா வீலைக் கழற்றித் தகட்டை லேசா விலக்கினால் வரும்.

ஆரல்வாய்மொழி:
ஆனி, ஆடிக் காற்றில் முப்பந்தல் தாண்டும்போது கேட்கும் விசிலுக்கு மோட்டாரைக் குறை சொல்லாதீங்க. போகும்போது ஒரு சுருதி, திரும்பும்போது வேறு சுருதி, அல்லது சத்தமே இல்லை என்றால் அது காற்றுதான். மாஸ்கிங் டேப்பை கதவின் மேல் விளிம்பு, கண்ணாடி அடிப்பகுதி, மேற்கூரைக் கம்பி எல்லாவற்றிலும் ஒட்டி ஓட்டுங்க. கேமரா, சென்சார் மேல் ஒட்ட வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாக உரிங்க, எதை உரிச்சதும் விசில் வருதோ அதுதான் இடம். அநேகமாகக் கதவு ரப்பர். சோப்புத் தண்ணியில் கழுவி சிலிக்கான் தடவினால் சரியாகும்.

மார்த்தாண்டம்:
20 கி.மீ.க்குக் கீழே மட்டும் வரும் ரீங்காரம் நடந்து போகிறவர்களுக்கான எச்சரிக்கை ஒலி. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் எல்லாப் புது மின்சாரக் கார், ஹைபிரிட்களுக்கும் அது கட்டாயம். 20 கி.மீ.யில் குறைந்தது 56 டெசிபல், உச்சம் 75. இரண்டு பக்கமும் மதில் இருக்கும் சந்தில் கண்ணாடி இறக்கினால் எதிரொலித்து அதிகமாகக் கேட்கும். ஒயரைப் பிடுங்கிக் கொடுக்கும் கடைகளுக்குப் போகாதீங்க மக்கா. சந்தை வாசலில் கண் தெரியாதவர் கேட்டு ஒதுங்குவது அந்தச் சத்தத்தைத்தான்.

குலசேகரம்:
ஹைபிரிட்காரர்களுக்கு ஒன்று. பேச்சிப்பாறை ஏற்றம் ஏறி இறங்கியதும் பின்சீட்டுப் பக்கம் ‘ஊ…’ என்று கேட்டால் அது பேட்டரிக் காற்றாடியாக இருக்கலாம். காற்று இழுக்கும் சல்லடை சீட் ஓரத்தில் இருக்கும் வண்டிகளில் பை, துண்டு போட்டு மூடாதீங்க. தூசி அடைத்தால் காற்றாடி எப்போதும் முழு வேகத்தில் ஓடும், பேட்டரி சூடாகும்.

தக்கலை:
ஒன்று விட்டுப்போச்சு. மாசாமாசம் கூடிக்கொண்டே போகும் சத்தம் வேறு ரகம். இன்வெர்ட்டரால் மோட்டார் தண்டில் ஏறும் மின்னழுத்தம் பேரிங் கிரீஸ் வழியாகப் பொறிந்து, உருளும் பாதையில் வரிவரியாகப் பள்ளம் போடும். சில மோட்டார்களில் தண்டைத் தரையிணைக்கும் பிரஷ், பீங்கான் உருளை பேரிங் வைப்பது இதற்காகத்தான். கியர் ஆயில் கசிந்தாலும் இதே மாதிரி கூடும். டிரைவ் ஷாஃப்ட் சீல் ஓரம் ஈரமா என்று டார்ச் அடித்துப் பாருங்க, ஆரஞ்சு நிற ஒயர் உயர் மின்னழுத்தம், எதிலும் கை வைக்காதீங்க. சர்வீஸுக்குப் போகும்போது ஸ்பீடாமீட்டர் தெரியும்படி பின்சீட்டிலிருந்து எடுத்த வீடியோ, முடிந்தால் மூன்று மாசத்துக்கு முந்தையதும் கொண்டு போங்க. வாரண்டிக் கோரிக்கையில் அதை இணைக்கச் சொல்லி, ஜாப் கார்டில் வேகத்தையும் ஹெர்ட்ஸையும் எழுத வைங்க.