புதுப்பிப்பு: வாவி போர்டின் டிவைஸ் ட்ரீக்கு எந்த உரிமம்?

மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டம் அளக்க, கல்லடியில் நாங்கள் செய்துவரும் போர்டின் டிவைஸ் ட்ரீ கோப்புக்கு (போர்டில் என்ன வன்பொருள் எங்கே இருக்கிறது என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் கோப்பு) எந்த உரிமம் போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது: ஜிபிஎல் 2.0 (மாற்றிப் பகிர்ந்தால் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும்) அல்லது எம்ஐடி (நிபந்தனைகள் மிகக் குறைவு), எடுப்பவர் விருப்பம். எஸ்பிடிஎக்ஸ் குறிப்பாக (உரிமத்தின் பெயரைச் சொல்லும் நிலையான வடிவம்) முதல் வரியிலேயே போட்டாயிற்று.

லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஜிபிஎல் 2.0 தான். ஆனால் இந்தக் கோப்பு சொல்வதெல்லாம் எந்த முகவரியில் எந்த சிப், எந்தப் பின்னில் இன்டரப்ட் என்பதைத்தான். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்துக்கும், இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் யூ-பூட்டுக்கும் அதே விவரம் வேண்டும். வன்பொருள் விவரத்தை ஒரே கெர்னலோடு கட்டிப்போடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஒரு சிக்கல் மிச்சம். எங்கள் கோப்பில் நாங்கள் இன்க்ளூட் செய்யும் டிடிஎஸ்ஐ (பல போர்டுகள் பகிர்ந்துகொள்ளும் டிவைஸ் ட்ரீ துணைக்கோப்பு) ஒன்று ஜிபிஎல் மட்டும். அதை மாற்ற, அதில் பதிப்புரிமை உள்ள எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கிட் வரலாற்றில் (யார் எதை மாற்றினார் என்ற பதிவு) பெயர் தேடி மடல் போட்டு வருகிறோம். சிலர் உடனே சரி சொல்லிவிட்டார்கள். மற்றவர்களின் பதில் வந்தபின் உரிமத்தை மாற்றும் பேட்ச் (திருத்தம்) அனுப்புவோம்.