பால், தயிரையும் விட்டு முழு வீகனாக மாற நினைக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

செவலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது, கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். கறி, மீன், முட்டையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. இப்போது பாலையும் விட்டுவிட வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் வீட்டில் யாரிடமும் சரியாகச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

எங்கள் கட்டுத்தரையில் இரண்டு ஜெர்சி கலப்பு மாடுகள். அதில் செவலை என்று நாங்கள் கூப்பிடும் மாடு தை மாதம் கன்று போட்டது. காளைக் கன்று. சீம்பால் எல்லாம் முடிந்து 12வது நாள் வியாபாரி வந்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். காளைக் கன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது, உழவுக்கும் வண்டிக்கும் இப்போது யார் கேட்கிறார்கள் என்பதுதான் ஊரில் எல்லோருடைய பேச்சும். செவலை இரண்டு ராத்திரி கத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் விடிகாலையில் கறக்கப் போனால், கன்று கட்டியிருந்த முளைக்குச்சியை நக்கிக்கொண்டு நிற்கிறது. மடி கல் மாதிரி இருக்கிறது, பால் இறங்கவில்லை. என் மாமியார் உள்ளே போய், குளிருக்குக் கன்றின் மேல் போட்டிருந்த பழைய சாக்கை எடுத்துவந்து அதன் மூக்குக்குப் பக்கத்தில் காட்டினார். வாசம் பிடித்ததுதான் தாமதம், பால் சுரந்துவிட்டது. அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வர எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்று, போன மாதம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை 6.8, கெட்ட கொழுப்பு 162 என்று வந்தது. சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். சாப்பாட்டை மாற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்ட பிறகு முழுதாகவே மாற்றிவிடலாமே என்று தோன்றுகிறது.

தயிர் இல்லாவிட்டால் உடம்பு சூடாகிவிடும், எலும்பு தேய்ந்துவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். காபி இல்லாமல் எனக்கே காலை விடியாது. 9 வயதுப் பெண் நானும் பால் குடிக்க மாட்டேன் என்கிறாள், அவளை விடலாமா? செய்து பார்த்தவர்கள் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தாம்பரத்தான்:

அக்கா, அந்தச் சாக்கு விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்குப் பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார், கக்கத்தில் ஒரு வைக்கோல் கன்று இருக்கும். செத்துப்போன கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்தது. அதை மாட்டின் முன்னால் வைத்ததும் அது நக்க ஆரம்பிக்கும், இவர் கறக்க ஆரம்பிப்பார். அப்போது எங்களுக்கு அது வேடிக்கை. பெரியவனான பிறகுதான் அதன் அர்த்தம் மண்டையில் ஏறியது.

நான் வீகனாகி ஒன்பது வருடம். நனிசைவம் என்று தமிழில் அழகாகச் சொல்கிறார்கள். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் இன்னும் சிலரும், கறி மட்டும் இல்லை பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்று தனிச் சங்கமாகப் பிரிந்தபோது உண்டானதுதான் வீகன் என்ற சொல். நம் ஊரில் சைவம் என்றாலே பாலும் நெய்யும் இருக்கும் என்பதால் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க நாள் பிடிக்கும், கோபப்படாமல் இருங்கள்.

நான் செய்த தப்பை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். முதல் மூன்று வருடம் வைட்டமின் பி12 மாத்திரையைத் தொடவே இல்லை, இயற்கையாகச் சாப்பிடுகிறவனுக்கு மாத்திரை எதற்கு என்ற எண்ணம். ஒருநாள் ராத்திரி மாடிப்படி ஏறும்போது ஒரு காலில் செருப்பு கழன்றுவிட்டது, மேலே போய்க் கீழே பார்க்கும்வரை எனக்கு அது தெரியவில்லை. பாதம் மரத்துப்போயிருந்தது. நாக்கு மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்ததையும் காரம் என்று நினைத்து விட்டிருந்தேன். ரத்தத்தில் பி12 அடிமட்டம். ஊசி போட்டு, உணர்ச்சி திரும்ப எட்டு மாதம் ஆனது. பி12ஐ உண்டாக்குவது பாக்டீரியா, செடிகொடியில் அது கிடையாது. கல்லீரலில் வருடக்கணக்கில் இருப்பு இருக்கும், அதனால்தான் குறைவது உடனே தெரிவதில்லை. சுருள்பாசியில் இருக்கிறது, பழைய சோற்றில் இருக்கிறது என்றெல்லாம் வாட்ஸாப்பில் வரும், அதை நம்பி இருக்கவே கூடாது. முதல் நாளிலிருந்தே மாத்திரை எடுங்கள்.

கறவைக்காரன்:

நான் நாமக்கல் பக்கம், எட்டு உருப்படி வைத்திருக்கிறேன். சண்டை போட வரவில்லை. சொசைட்டியில் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் பால் பணத்தில்தான் என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். மழை ஏமாற்றினால் சோளம் போகும், கடலை போகும், பால் மட்டும் போகாது. ஒரு ஏக்கர் வைத்திருப்பவனுக்கு வேறு என்ன வழி என்பதையும் யோசியுங்கள்.

ஆனால் நீங்கள் சொன்னதில் பொய் இல்லை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். கன்று போடாமல் மாடு கறக்காது. அதனால் கன்று போட்டு மூன்று மாதத்தில் மறுபடி சினை ஊசி. நாலைந்து ஈத்து முடிந்து கறவை குறைந்தால் தீவனக் கூலிக்குக் கட்டாது, சந்தைக்குத்தான் போகும். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து லாரி கேரளாவுக்குப் போவது யாருக்குத் தெரியாது? பால் குடித்து வளர்ந்த நாமே அதை அடிமாடு என்றும் பெயர் வைத்திருக்கிறோம். கயிற்றை அவிழ்த்து அடுத்தவன் கையில் கொடுக்கும்போது எனக்கும் வயிறு என்னவோ செய்யும்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் பால் குடிப்பதை நிறுத்திவிடலாம், சரி. செவலைக்கு வற்றிப்போனால் என்ன செய்வீர்கள்?

உணவியல்_சுதா:

சகோதரி, நான் உணவியல் படித்து 11 வருடமாக ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். உங்கள் பதிவில் என் கண்ணில் முதலில் பட்டது மெட்பார்மின். நீண்ட நாள் எடுத்தால் அதுவே பி12 சேர்வதைக் குறைக்கும். பாலையும் விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் அடி. மேலே தம்பி சொன்னது உங்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம் அளவுதான், ஆனால் மாத்திரையில் இருப்பதில் கொஞ்சம்தான் உடம்பில் ஏறும் என்பதால் மாத்திரையின் அளவு அதிகமாக இருக்கும், பயப்பட வேண்டாம், உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சாப்பாடு மாறினால் சர்க்கரையும் மாறும், அதனால் மருந்தை நீங்களாகக் குறைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள்.

அத்தையின் பயத்துக்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 100 மில்லி பாலில் சுண்ணாம்புச் சத்து 120 மில்லிகிராம் அளவு, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350. அதற்காக அவ்வளவும் உடம்பில் சேர்ந்துவிடும் என்று இல்லை, ராகியை முளைகட்டினால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். எள், முருங்கைக்கீரை எல்லாம் வாரத்தில் பல நாள் வர வேண்டும். கீரையும் பருப்பும் சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். புரதத்துக்குப் பருப்பு, கொள்ளு, தட்டைப்பயறு, நிலக்கடலை, சோயா இருக்கிறது. பருப்பு என்றால் தண்ணியான சாம்பார் இல்லை, ஒரு கிண்ணம் நிறைய. வைட்டமின் டி ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

இதையும் சொல்ல வேண்டும். மைதா பரோட்டாவும் பஜ்ஜியும்கூட வீகன்தான். வீகன் என்பதாலேயே சர்க்கரை இறங்காது. சோற்றைக் குறைத்துக் காயையும் பயறையும் கூட்டினால்தான் உங்கள் 6.8 இறங்கும். தேங்காய்ப்பாலிலும் நிறை கொழுப்பு அதிகம், கொழுப்பு 162 உள்ள நீங்கள் பசும்பாலுக்குப் பதில் தினமும் அதையே ஊற்றிக்கொள்ளாதீர்கள்.

பெண்ணை விடலாம், ஆனால் அவளுக்கும் பி12 கட்டாயம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை குறித்து வையுங்கள். கடையில் வாங்கும்போது பச்சைப் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள், அதில் பால் பவுடர் இருக்கலாம். 2022 முதல் வீகன் பொருளுக்கென்று வி எழுத்தில் துளிர் வைத்த தனிப் பச்சை முத்திரை இருக்கிறது.

மதுரை_மீனாட்சியம்மா:

கண்ணு, நான் 61 வயதில் மாறினேன், நீ ஏன் பயப்படுகிறாய். தயிருக்கு வழி சொல்கிறேன். ஒரு கப் நிலக்கடலையை ராத்திரி ஊறப்போட்டுத் தோலை நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டு. சின்னத் தீயில் கைவிடாமல் கிண்டிக் காய்ச்சு, அடிபிடிக்கும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பச்சைமிளகாய்க் காம்பு ஏழெட்டை உள்ளே போட்டு மூடிவைத்துவிடு. முதல் தடவை கடலை வாசம் வரும், நீர்த்தும் இருக்கும், தூக்கி ஊற்றிவிடாதே. அதையே உறையாக வைத்து அடுத்த தடவை உறைகுத்தினால் கெட்டியாகும், புளிப்பும் சரியாக நிற்கும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துச் சோற்றில் பிசைந்தால் என் பேரனுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

காபிக்கு முந்திரி எட்டு ஊறவைத்து அரைத்துக்கொள். தனியாகச் சூடுபண்ணி டிகாக்ஷனை அதன்மேல் ஊற்று, இரண்டையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். இட்லிப் பொடிக்கு நெய் எதற்கு, நல்லெண்ணெய் இருக்கும்போது.

செவலைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சுதா மேடம், நாளை மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், பி12 பார்க்கச் சொல்லி நானே கேட்கிறேன்.

கறவைக்காரர் அண்ணா, உங்கள் கேள்வியால் ராத்திரி தூக்கமே வரவில்லை. வீட்டுக்காரரிடம் பேசினேன். இனிமேல் செவலைக்குச் சினை ஊசி வேண்டாம், பால் வற்றும்வரை கறப்போம், வற்றினாலும் சந்தைக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார். தீவனச் செலவுக்கு என் தையல் காசில் பாதி. இன்னொரு மாட்டைப் பற்றி அவர் பிடி கொடுக்கவில்லை, நானும் இப்போதைக்கு வற்புறுத்தவில்லை, குடும்பச் செலவு அதில்தான் ஓடுகிறது.

அம்மா, நேற்று ராத்திரி கடலைப்பாலில் மிளகாய்க் காம்பு போட்டு அடுப்பு ஓரமாக வைத்திருந்தேன். காலையில் திறந்து பார்த்தது என் மாமியார்தான். ஸ்பூனில் எடுத்து வாயில் வைத்துவிட்டு, உப்பு கொஞ்சம் போடு என்றார்.