மில் மோட்டார் எங்கே போயிற்று?

குழு: மேட்டுவளவுச் சொந்தங்கள்

செவ்வாய்

காலை 6:04
செம்மேடு மாமா: மில் ஷெட் திறந்து கிடக்கிறது. உள்ளே மோட்டார் இல்லை.
செம்மேடு மாமா: ராத்திரி ஒரு வெள்ளை வேன் நின்றதாம். டீக்கடையில் சொல்கிறார்கள்.
செம்மேடு மாமா: யாருக்காவது தெரியுமா, தெரியாதா?

6:09
பெரியம்மா: ஐயோ

6:10
திருப்பூர் அண்ணன்: மாமா, விடிவதற்குள் ஆரம்பித்துவிட்டீர்களா?

6:12
செம்மேடு மாமா: விளையாட்டு இல்லை மாப்பிள்ளை. மில்லை மூடிவிட்டுக் கம்பெனி ஆக்கப் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எதற்கு என்று நினைத்தாய்? ஆதார் நகலோடு சிட்டா நகலும் கேட்கிறார்கள். மாவு அரைக்கிற மில்லுக்குச் சிட்டா எதற்கு?

6:13
பெரியம்மா: நிலம் போய்விடுமா

6:20
சேலம் சித்தி: (அம்மன் படம்) அனைவருக்கும் ஆடிச் செவ்வாய் வாழ்த்துகள் 🙏🙏

6:21
திருப்பூர் அண்ணன்: சித்தி, இங்கே மோட்டாரையே காணோம்

6:24
சேலம் சித்தி: எந்த மோட்டார்? நான் கூழுக்கு 20 கிலோ கேழ்வரகு மாவு சொல்லியிருந்தேனே, அந்த மில்லா?
சேலம் சித்தி: வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் கூழ் ஊற்றுகிறோம். எல்லோரிடமும் கொல்லிமலை மாவு என்று சொல்லிவிட்டேன்.

7:15
வாத்தியார் பெரியப்பா: அனைவருக்கும். வதந்தி வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும். உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் விவசாயி மட்டுமே பங்கு வாங்க முடியும். நான் விவசாயி என்று வாயால் சொன்னால் போதாது, அதற்குத்தான் சிட்டா. 2020இல் மத்திய அரசு நாடு முழுக்க இப்படி 10,000 கம்பெனி அமைக்கிறோம் என்று திட்டம் போட்டது. சமவெளியில் 300 பேர் சேர வேண்டும். மலைப்பகுதிக்கு 100 பேர் போதும். நாம் ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு போட்டால் அதற்கு ஈடாக அரசும் 1,000 போடும். இது ஆளுக்கு 2,000 வரை உண்டு. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றே ஒன்றுதான். கம்பெனி நொடித்தால் போட்ட பங்குப் பணம் போகும், காடு, அதாவது நம் நிலம், போகாது.

7:17
திருப்பூர் அண்ணன்: அப்பா, இதில் மோட்டார் எங்கே?

7:18
வாத்தியார் பெரியப்பா: வருகிறேன்.

7:31
செம்மேடு மாமா: காடு போகாது என்று எழுதிக் கொடுப்பார்களா மச்சான்? கீழ்நாட்டுக்காரனிடம் கைநாட்டு வைத்துவிட்டு நம் தாத்தா காலத்தில் எத்தனை பேர் காடு இழந்தார்கள்? நீங்கள் புத்தகம் படித்தீர்கள். நாங்கள் பார்த்தோம்.

7:33
வாத்தியார் பெரியப்பா: அதை நான் மறுக்கவில்லை மாப்பிள்ளை.

7:58
வாத்தியார் பெரியப்பா: நான் பையனாக இருந்தபோது சரிவெல்லாம் சாமை, தினை, கேழ்வரகுதான். கட்டவெட்டி, மல்லியச்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, திரிகுலச்சாமை, சிட்டஞ்சாமை என்று வீட்டுக்கு வீடு ஒரு விதை. சேலம், நாமக்கல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் பெருகியதும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மலை ஏறி வந்தது. பணத்தைப் பார்த்தோம், சாமையை விட்டோம். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஃபவுண்டேஷன்காரர்கள் இந்த மலையில் வேலை ஆரம்பித்தார்கள். சாமையை ஏன் விட்டீர்கள் என்றால் ஆண்கள் விலை இல்லை என்போம். பெண்களுக்கு உரலில் குத்துவதுதான் பாரம். அதனால்தான் பெண்கள் குழுக்களின் கையில் சின்ன மில், அப்புறம் விதை வங்கி, வரிசை விதைப்பு, கொல்லிமலைப் பெயர் போட்ட பாக்கெட் எல்லாம் வந்தன. 2011 முதல் 2014 வரை கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கொல்லிமலை, வயநாடு, ஜெய்ப்பூர் மூன்று இடத்திலும் வறுமைக்கும் சத்துக்குறைவுக்கும் ஒரு திட்டம் நடத்தினார்கள். (இந்த ஜெய்ப்பூர் ஒடிசாவில், கோராபுட் பக்கம் இருக்கிறது. ராஜஸ்தான் அல்ல.) நம் வளவு மில் அதற்கெல்லாம் பின்னால், வேறோர் உதவியில் வந்தது.

8:01
திருப்பூர் அண்ணன்: ராஜஸ்தான் என்று யாருமே சொல்லவில்லை அப்பா

8:02
பெரியம்மா: இவர் இன்னும் பல் விளக்கவில்லை

8:05
திருப்பூர் அண்ணன்: பல் என்றதும் மாமா கல்யாணம் ஞாபகம் வருகிறது

8:05
சேலம் சித்தி: 😂😂😂

8:06
செம்மேடு மாமா: அதை இப்போது எதற்கு எடுக்கிறாய்

8:08
திருப்பூர் அண்ணன்: பந்தியில் முதல் இலை. முதல் கவளம். கடைவாய்ப் பல். பெண் வீட்டார் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

8:09
சேலம் சித்தி: அண்ணா அழுதது பல்லுக்கு. எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள்.

8:10
பெரியம்மா: கல் பொறுக்கியது நான்தான். என்னையே இன்னும் சொல்லுங்கள்

8:14
வாத்தியார் பெரியப்பா: கல் பிரிக்கும் மிஷின் அப்போது இல்லை. அந்த மிஷின் சலித்து ஆட்டும்போது கனம் வேறுபாட்டால் கல் ஒரு பக்கம்...

8:14
திருப்பூர் அண்ணன்: அப்பா

11:22
மில் அத்தை: மோட்டார் பேளுக்குறிச்சியில். உள்ளே சுற்றிய கம்பி, காயில், கருகிப் போயிற்று.
மில் அத்தை: வேலைக்குப் போயிருந்தேன். இப்போதுதான் டவர் கிடைத்தது.

11:23
பெரியம்மா: மாரியாத்தா 🙏

11:25
மில் அத்தை: கரண்டில் மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கிறது. தெரியவில்லை, ஓட விட்டோம். புகை வந்தது. மிளகாய் ஏற்றிக்கொண்டு போன வேன், கீழே போகிறேன் என்றான். ஏற்றிவிட்டோம்.

11:26
திருப்பூர் அண்ணன்: ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற ப்ரிவென்டர் மாட்டுங்கள் என்று போன வருஷமே சொன்னேனே அத்தை

11:27
மில் அத்தை: சொன்னாய் கண்ணு. வாங்கித் தரவில்லை.

11:31
செம்மேடு மாமா: என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்?

11:32
மில் அத்தை: மூன்று தடவை போன் செய்தேன் தம்பி.

11:33
செம்மேடு மாமா: மண்டியில் இருந்தேன்.
செம்மேடு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

11:35
திருப்பூர் அண்ணன்: படித்துவிட்டேன் மாமா

11:35
பெரியம்மா: என்ன போட்டான்

11:36
திருப்பூர் அண்ணன்: ஷெட் நிற்பது யார் இடம் என்று

11:52
பெரியம்மா: டேய் தம்பி. உன் அண்ணன் போய் இன்னும் மூன்று வருஷம் ஆகவில்லை.

11:58
செம்மேடு மாமா: நான் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை அக்கா. அப்பா வாயால் சொன்னது. பத்திரம் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு என்றுதான் சொன்னார்.

12:04
மில் அத்தை: அவர் சொல்லும்போது நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். வருஷம் எதுவும் சொல்லவில்லை.

12:40
நான்: ஞாயிற்றுக்கிழமைக்கான பட்டியல் என்னிடம் இருக்கிறது. இதுவரை 97 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அது போக நம் வீட்டில் நான்கு சிட்டா. பெரியம்மா, அத்தை, மாமா, அப்பா.

12:41
திருப்பூர் அண்ணன்: அதாவது மாமா வராவிட்டாலும் 100

12:42
நான்: அப்பா, மாமா என்ன சொல்கிறாரோ அதுதான் என்கிறார்

12:42
திருப்பூர் அண்ணன்: ஓ

12:50
செம்மேடு மாமா: 👍

மாலை 5:46
நான்: அத்தை, காயில் கட்ட எவ்வளவு?

6:30
மில் அத்தை: 5,500. குழுப் பணம் 2,300 இருக்கிறது.

6:31
(ஒன்பது பேர் பார்த்திருக்கிறார்கள்)

7:20
வாத்தியார் பெரியப்பா: என் பங்கு 500. இது நன்கொடை அல்ல, கைமாற்று என்று நோட்டில் எழுதவும். கணக்கு கணக்காக இருக்க வேண்டும்.

7:24
திருப்பூர் அண்ணன்: 1,000 ஜிபே பண்ணிவிட்டேன். இந்த வாரம் கம்பெனியில் ஓவர்டைம் இல்லை, அவ்வளவுதான் முடியும்.

7:41
சேலம் சித்தி: மாவுக்கு முன்பணம் வேண்டுமானால் தருகிறேன் அண்ணி

7:43
மில் அத்தை: போன ஆடிப் பணமே வரவில்லை பாப்பா

7:43
திருப்பூர் அண்ணன்: 🔥

7:50
சேலம் சித்தி: அதை உங்கள் வீட்டுக்காரரிடம் அண்ணன் என்று நினைத்து நேரில் கொடுத்தேன். அவர் இருந்தால் சொல்லுவார்.

8:15
மில் அத்தை: சரி.

8:22
செம்மேடு மாமா: என் பங்கை வாடகைப் பாக்கியில் கழித்துக்கொள்ளுங்கள்.

8:25
பெரியம்மா: (குரல் பதிவு, 2:41)

8:29
திருப்பூர் அண்ணன்: அம்மா, இதைக் கேட்டுவிட்டு இங்கே ஹாஸ்டலில் நான்கு பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்

9:10
மில் அத்தை: மில் திறந்த அன்று பூமாலை, மேளம், ஜீப் எல்லாம் வந்தன. போட்டோவில் நிற்க இடம் இல்லை. காயில் கட்டத்தான் ஆள் இல்லை.
மில் அத்தை: பத்து மூட்டைச் சாமை நிற்கிறது. ஆடி 18க்கு வல்வில் ஓரி விழா ஸ்டாலுக்குப் பாக்கெட் போட வேண்டும். மில் ஓடாவிட்டால் உரல். கூலிக்குப் போய்விட்டு வந்து யார் குத்துவது? அடுத்த வருஷம் சாமை போட்டவர்களும் குச்சிக்கிழங்குதான் நடுவார்கள். லாரி காட்டுக்கே வருகிறது.

9:14
செம்மேடு மாமா: லாரி வருகிறது, பணம் வருகிறதா? மூன்று டன் ஏற்றினேன். பாயிண்ட் இல்லை என்று விலையைக் குறைத்துவிட்டான். பாயிண்ட் பார்க்கும்போது என்னை வெளியே நிற்கச் சொன்னான்.

9:15
வாத்தியார் பெரியப்பா: பாயிண்ட் என்பது கிழங்கில் உள்ள மாவுச்சத்து. அறுவடைக்கு முன் மழை பெய்தால் குறையும்.

9:16
செம்மேடு மாமா: எனக்குத் தெரியும் மச்சான்

9:18
திருப்பூர் அண்ணன்: அப்படியானால் சாமை போடுங்கள் மாமா

9:19
செம்மேடு மாமா: 100 கிலோ கொடுத்தால் 60 கிலோ அரிசி திரும்பி வருகிறது. மீதி உமி. வந்த அரிசியிலும் பாதி நொய். அதை நீ திருப்பூரில் சாப்பிடுகிறாயா?

9:20
திருப்பூர் அண்ணன்: நான் ரேஷன் அரிசி

9:24
வாத்தியார் பெரியப்பா: 2023 சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. அந்த ஆண்டுதான் நீலகிரிக்கும் தருமபுரிக்கும் ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நமக்கும் கொடுத்து, அதை இங்கேயே நம்மிடமே வாங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைத் தீர்மானமாக...

9:25
பெரியம்மா: படுங்கள்

புதன்

காலை 10:12
மில் அத்தை: (படம்: கழற்றிய மோட்டார், செப்புக் கம்பி)
மில் அத்தை: நாளைக்குத் தருவான்.

10:15
சேலம் சித்தி: புதுசு மாதிரி இருக்கிறதே. வெள்ளிக்கு மாவு வந்துவிடும் அல்லவா?

10:40
பெரியம்மா: ஞாயிற்றுக்கிழமை நான் கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா? யாராவது ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்

10:52
வாத்தியார் பெரியப்பா: இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

10:53
பெரியம்மா: உங்களைக் கேட்கவில்லை

11:30
செம்மேடு மாமா: ஷெட் இடத்துக்கு ஒரு காகிதம் போட்டுக்கொள்வோம். கம்பெனி பெயருக்கு வேண்டாம். அண்ணி பெயருக்கும் என் பெயருக்கும். அப்புறம் கையெழுத்துப் பேசலாம்.

11:41
சேலம் சித்தி: அண்ணா, அப்பா சொத்தில் எனக்கும் அக்காவுக்கும் கூடத்தான் பங்கு

11:42
திருப்பூர் அண்ணன்: 🍿

11:44
பெரியம்மா: எனக்கு ஒன்றும் வேண்டாம்

11:45
பெரியம்மா: ஆனால் கேட்டிருக்கலாம்

மதியம் 1:30
நான்: மாமா, ஞாயிறு வருகிறீர்களா? அப்பா கேட்கிறார்.

3:05
செம்மேடு மாமா: பார்க்கலாம்

வியாழன்

மாலை 4:10
மில் அத்தை: மோட்டார் வாங்கியாயிற்று. மீதிக்கு ஒரு வாரம் டைம் கொடுத்தான். அடிவாரம் காரவள்ளி தாண்டிவிட்டோம்.

4:11
திருப்பூர் அண்ணன்: எழுபது வளைவுக்கும் மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காருங்கள் அத்தை

4:12
வாத்தியார் பெரியப்பா: மாட்டும்போது சுற்றும் திசை பார்க்கவும். மாறினால் இரண்டு வயரை மாற்றிப் போட வேண்டும்.

5:48
மில் அத்தை: ஷெட் வாசலில் நிற்கிறோம். எலக்ட்ரீஷியன் தம்பியும் வந்துவிட்டான். தேங்காய் இருக்கிறது, சூடம் யாராவது கொண்டு வாருங்கள்.

5:50
மில் அத்தை: கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது. யார் போட்டது?

5:58
மில் அத்தை: யார் போட்டது

6:06
செம்மேடு மாமா: நான்தான் அண்ணி. செவ்வாய்க்கிழமை கதவு திறந்து கிடந்ததே. பத்திரத்துக்காகப் போட்டேன்.

6:07
மில் அத்தை: சாவி?

6:09
செம்மேடு மாமா: என் பையில் இருக்கிறது. சேலம் வந்தேன், மிளகு விஷயமாக.

6:10
பெரியம்மா: சேலத்தில் எங்கே

6:12
சேலம் சித்தி: எங்கள் வீட்டில்தான். இன்றைக்கு அனுப்பமாட்டேன், கோழி அடித்திருக்கிறேன்.
சேலம் சித்தி: அண்ணி, மாவு?